பழைய சைக்கிளுக்குப் புதுச் சாமான்



பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஒத்தக்கடைப் பக்கம் அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் அவனுடைய அப்பாவின் பச்சை ஹெர்குலிஸ் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. அப்பா காலமாகி நான்கு வருடம் ஆகிறது. பழைய இரும்புக்காரர் வந்து கிலோ கணக்கில் விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்குக் கொடுக்க மனசில்லை. "சார், பார்க்க அப்பா ஓட்டின மாதிரியே இருக்கணும். ஆனா நான் தினமும் ஓட்டணும். அந்தக் காலத்துச் சாமான் எல்லாம் இப்பக் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தான். சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது என் தங்கை மகனும் இதையேதான் கேட்டான். போனில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன். வாத்தியார் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கும். ஆனால் எது கிடைக்கும், எது பொருந்தும், எது பார்க்க மட்டும் பழசு என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தச் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். ஆகவே முதலில் வரலாறு. பின் பெஞ்சில் இருப்பவர்கள் தூங்க வேண்டாம், சாமான் பட்டியல் அப்புறம் வருகிறது.

இரண்டு சக்கரமும் ஒரே அளவு, நடுவில் பெடல், பின் சக்கரத்துக்குச் செயின் என்ற வடிவம் 1885-இல் இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில் நிலைபெற்றது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இருபது முப்பது வருடத்துக்குள் நாம் 'பழைய மாடல்' என்று சொல்லும் உருவம் முழுசாக வந்துவிட்டது. கறுப்பு அல்லது பச்சை ஃப்ரேம், கம்பி பிரேக், முழுச் செயின் கவர், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு, 28 அங்குலச் சக்கரம். எல்லாம் அப்போதே முடிந்த காரியம்.

இதில் பர்மிங்ஹாம் என்ற ஊருக்குப் பெரிய பங்கு. உங்களில் பலர் வீட்டில் பி.எஸ்.ஏ. சைக்கிள் இருந்திருக்கும். அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகளைச் சாத்தி வைத்திருப்பார்கள். வகுப்பில் ஒரு பையன் ஒரு தடவை, "சார், சைக்கிளுக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-இல் துப்பாக்கி செய்பவர்கள் கூடித் தொடங்கிய கம்பெனி அது. துப்பாக்கி ஆர்டர் குறைந்த காலத்தில் அதே மெஷின்களை வைத்து சைக்கிள் சாமான் செய்யப் போனார்கள். துப்பாக்கியில் ஒரு பாகம் போனால் இன்னொன்று அப்படியே மாட்ட வேண்டும் அல்லவா? அந்த ஒழுங்கை சைக்கிளுக்கும் கொண்டுவந்தார்கள். இதை மனதில் வையுங்கள். உங்கள் அப்பா சைக்கிளுக்கு இன்றைக்குப் புதுச் சாமான் பொருந்துகிறது என்றால் அதற்குப் பாதிக் காரணம் இந்தத் துப்பாக்கிக்காரர்கள்தான்.

ஹெர்குலிஸும் பிலிப்ஸும் பர்மிங்ஹாம் பக்கத்துச் சரக்கு. ராலே மட்டும் நாட்டிங்ஹாம், ஃபிராங்க் போடன் வாங்கிப் பெரிதாக்கியது. சுதந்திரத்துக்கு முன்னால் நம் மதுரைக்கு வந்தவை பெரும்பாலும் இந்தச் சீமைச் சைக்கிள்கள். எங்கள் தாத்தா காலத்தில் ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். ராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இன்றைக்குக் காருக்குப் படுகிற பாடு அன்றைக்குச் சைக்கிளுக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி சுருங்கியது, தொழிற்சாலைகள் இங்கேயே வந்தன. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. அம்பத்தூரில் தொழிற்சாலை. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்துதான் நமக்கு வந்தன. அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளைக்காரப் பெயர் யார் என்று அங்கே குடியிருக்கும் என் சம்பந்தி வீட்டாருக்கே தெரியவில்லை. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸின் தலைவராக இருந்தவர் அவர். வங்காளத்தில் அசன்சோலில் சென்-ராலே, ஹரியானாவின் சோனிபட்டில் 1951-இல் அட்லஸ், லூதியானாவில் 1956-இல் ஹீரோ. ஹீரோவைத் தொடங்கிய முன்ஜால் சகோதரர்கள் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் கமாலியா என்ற ஊர்க்காரர்கள். சாமான் வியாபாரத்தில் ஆரம்பித்து, 1986-இல் உலகத்திலேயே அதிகச் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள்.

அம்பத்தூரிலும் லூதியானாவிலும் பர்மிங்ஹாம் வடிவத்தை அப்படியே எடுத்துச் செய்தார்கள். ஐரோப்பாவில் எழுபதுகளில் சைக்கிள் இளைத்து, கியர் மாட்டி, அலுமினியத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது இங்கே மாற்றமே இல்லை. இதை நம் பின்தங்கிய நிலை என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மேலூரிலிருந்து மதுரைக்கு வாழை இலைக் கட்டு ஏற்றி வந்தவரை யோசித்துப் பாருங்கள். பால்காரர் இரண்டு பக்கமும் கேன் மாட்டுவார். பிளாஸ்டிக் குடம் விற்பவர் சைக்கிளே தெரியாத அளவுக்குக் குடம் கட்டுவார். பூ மார்க்கெட்டுக்குப் போகும் மல்லிகைக் கூடை, ஐஸ் பெட்டி, கேரியரில் மனைவி, பாரில் பிள்ளை. பெரிய சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் ஓடும். பின் சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பி, நான்கு அறுந்தாலும் வீடு வந்து சேரலாம். கம்பி பிரேக்கில் அறுந்துபோக ஒயரே இல்லை. இரண்டு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும் வைத்திருப்பவர் புளியமரத்தடியில் உட்கார்ந்து முழுச் சைக்கிளையும் கழற்றி மாட்டிவிடுவார். ஏறத்தாழ 20 கிலோ எடை, உண்மைதான். ஆனால் நம் பாட்டுக்கு அது சரியான வண்டி.

மாட்டுத்தாவணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், வெளியூரில் பிறந்த பேரப் பிள்ளைகள் அரைத்தாவணியோடு குழப்பிக்கொள்கிறார்கள். மாட்டுச் சந்தை கூடுகிற இடம் என்பதால் வந்த பெயர். 1999-இல் பஸ் ஸ்டாண்டு வருவதற்கு முன்னால் இது ஊருக்கு வெளியே. வண்டி மாடு இருந்த இடத்தில் அப்புறம் சைக்கிள் வந்தது. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது, அதுவும் நம் மதுரையில் பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் குடும்பத்து வண்டிதான். கேரியரில் கட்டிய மூட்டை ஒவ்வொன்றாக மொபெட்டின் முன்னால் போய் உட்கார்ந்தது. மணிக்கு நாலணாவுக்கு வாடகைச் சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய கடைகள் காணாமல் போயின. இன்றைக்கும் நாம் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் இடத்துக்குச் சைக்கிள் ஸ்டாண்டு என்றுதான் சொல்கிறோம். உள்ளே போய்த் தேடினால் ஒரு சைக்கிள் கிடைப்பது கஷ்டம்.

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1991-92-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அங்கே போய் எழுதியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்த செய்தி, பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் இருந்தும் சில பெண்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளே வேண்டும் என்றார்களாம். பிள்ளையை உட்கார வைக்க அந்தப் பார் வேண்டுமே! பிறகு 2001-02 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, பின்னால் எல்லோருக்கும். என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் பிளஸ் டூ வரை போனதில் அந்தச் சைக்கிளுக்கும் பங்கு உண்டு.

சரி, இனிச் சாமான்.

பழைய தோற்றத்தில் புதுச் சாமான் மூன்று வழியில் வருகிறது. முதல் வழி லூதியானா. அங்கே பழைய மாடல் சைக்கிளை இன்னும் செய்கிறார்கள், ஆப்பிரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். மட்கார்டு, கேரியர், செயின் கவர், கம்பி பிரேக் செட், ஸ்டாண்டு, மணி எல்லாம் புதுசாகவே வருகின்றன. இவை பழைய மாதிரி செய்தவை என்று சொல்வதைவிட, செய்வதை நிறுத்தாதவை என்பதே சரி. விலையும் நம் கைக்கு அடங்கும். இரண்டாவது வழி பழைய சீமைப் பெயர்கள். சைக்கிள் சீட்டுக்குப் பேர்போன புரூக்ஸ், 1866-இல் தொடங்கிய கம்பெனி. இப்போது அதன் சொந்தக்காரர்கள் இத்தாலியர்கள், ஆனால் தோல் சீட்டை இன்னும் பர்மிங்ஹாம் பக்கத்திலேயே செய்கிறார்கள். மூன்று கியர் ஹப்புக்குப் பேர்போன ஸ்டர்மி-ஆர்ச்சர் 1902-இல் நாட்டிங்ஹாமில் தொடங்கியது. 2000-இல் நொடித்துப் போய், தைவானின் சன்ரேஸ் கம்பெனி வாங்கி, மெஷின்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டது. பெயர் அதே, ஹப்பின் உருவமும் ஏறத்தாழ அதே, உள்ளே வேலைப்பாடு புதுசு. மூன்றாவது வழி, பழசு மாதிரி வேஷம் போட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் அளவு. முதல் அளவு பெடல் அச்சு ஓடும் குழாயின் மரை. பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் வகையில் அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலேயில் 26. ராலே தன் சாமானை வேறு யாரும் விற்கக் கூடாது என்பது போலத் தனி மரை வைத்திருந்தது. 24 மரைக் கோப்பையை 26 மரைக் குழாயில் முறுக்கினால் ஒரு சுற்று போவது போல இருக்கும், அதற்குள் குழாய் நாசமாகிவிடும். கணக்கில் இரண்டுதான் வித்தியாசம், சைக்கிள் போச்சு. ஆனால் 24 மரைக்காரர்களுக்கு யோகம். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் சைக்கிள்களில் பெருவாரியாக இருக்கும் ஒரு அளவு அந்த 24 மரைதான், அதற்குப் பெயரே பி.எஸ்.ஏ. மரை. துப்பாக்கிக் கம்பெனி சைக்கிளை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, மரை மட்டும் நிற்கிறது. ஆகவே உங்கள் அப்பாவின் ஹெர்குலிஸில், குண்டும் கிரீஸும் உள்ளேயே அடைத்து வைத்த புது அச்சை மாட்டலாம். வெளியே இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. அதற்குக் கோட்டர் பின் இல்லாத கிராங்க் வேண்டும் என்பதுதான் ஒரே சிக்கல்.

அந்தச் சிக்கல் பிடிக்காதவர்கள், நானும் அந்தக் கட்சிதான், கோட்டர் பின்னோடேயே இருக்கலாம். பின் இன்னும் கிடைக்கிறது. சாய்வுப் பக்கத்தை அரம் போட்டுச் சரிசெய்து மாட்ட வேண்டும். பழைய பின்னை அடித்து எடுக்கும்போது கிராங்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகள் மேல் இறங்கும். செயின் பக்கத்துக் கோப்பை இடது மரை, எதிர்ப்பக்கமாகத்தான் கழலும். இடது பெடலும் அப்படியே. இது தெரியாமல் பலம் இருக்கிறது என்று முறுக்கியவர்களால் எத்தனை சைக்கிள் இரும்புக் கடைக்குப் போயிருக்கிறதோ.

அடுத்தது சக்கரம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். டயரில் 28 என்று போட்டிருக்கும். நம் பழைய சைக்கிள் டயர் 28 க்கு 1½. கம்பெனிக்காரர்கள் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு எண் போடுவார்கள், அது 635 என்று இருக்க வேண்டும். டயர் உட்காரும் இடத்தின் விட்டம் மில்லிமீட்டரில். இன்றைய கியர் சைக்கிளுக்கு வரும் டயரையும் 28 என்றே சொல்வார்கள், அதன் எண் 622. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். 13 மில்லிமீட்டர் குறைந்தால் நம் ரிம்மில் ஏறாது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அந்த மூன்று இலக்கத்தைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். 635 டயர் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். கொஞ்சம் செலவு செய்தால் ஜெர்மனியின் ஷ்வால்பே கம்பெனி அதே அளவில் வெண்ணெய் நிறத்திலும் போடுகிறது. கல்யாண போட்டோவுக்கு நன்றாக இருக்கும், நம் ரோட்டுப் புழுதிக்கு எனக்குக் கறுப்பே போதும்.

ரிம்மில் துளையை எண்ணுங்கள். ஒன்று இரண்டு என்று விரல் வைத்து எண்ணுங்கள், கண் அளவு வேண்டாம். பழைய முறையில் முன்னால் 32, பின்னால் 40. உலகத்தின் மற்ற இடங்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 36 அல்லது 32. தைவானிலிருந்து ஆசையாக மூன்று கியர் ஹப் வரவழைத்து, அதில் 36 துளை, ரிம்மில் 40 துளை என்று கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், இதைப் படித்துக்கொண்டிருப்பார். பின் போர்க்கின் அகலமும் அளக்க வேண்டும். பழைய ஃப்ரேமில் இடம் குறைவு, புது ஹப்புகள் அகலம்.

இனிப் பிரேக். இதில்தான் நான் கண்டிப்பாகப் பேசுவேன். தோற்றத்துக்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள், பிரேக்கை விடாதீர்கள். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய் அழுத்தும். ரிம் இரும்பு, மேலே குரோமியம். வெயிலில் நன்றாகப் பிடிக்கும். மழையில் நனைந்தால் வழுக்கும், பிரேக் பிடித்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் காலத்தில் மேலூர் ரோட்டில் மாட்டு வண்டியும் நான்கு பஸ்ஸும்தான், காலை ஊன்றி நிறுத்திவிடுவோம். இன்றைக்கு ஹைகோர்ட் முன்னால் அந்த ரோட்டைக் கடந்து பாருங்கள். அப்பாவின் நினைவு பெரிது. அதை ஓட்டப்போகும் நீங்களும் ஒரு பிள்ளைக்கு அப்பா.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்புக்குள்ளேயே டிரம் பிரேக் வைத்துப் பல காலமாகச் செய்கிறது. பார்க்க ஒரு குண்டு ஹப் மாதிரி, பழைய சைக்கிளுக்குப் பாந்தமாக இருக்கும். மழைநீர் உள்ளே போகாது. ஒயரில் வேலை செய்வதால் கம்பிகளைக் கழற்ற வேண்டியிருக்கும். முன் சக்கரத்துக்கு மட்டும் இதைப் போட்டுவிட்டு, பின்னால் கம்பி பிரேக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முன் ரிம்மில் 32 துளை என்பதால் ஹப் கிடைப்பதும் சுலபம். போர்க் அகலத்தை மட்டும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அதே ஹப்பில் டைனமோவும் சேர்ந்து வருவது உண்டு.

டைனமோ என்றதும் ஞாபகம் வருகிறது. டயரில் உரசிக்கொண்டு 'கொர்ர்' என்று கத்தும் பழைய பாட்டில் டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்புக்கு 2.4, பின் பல்புக்கு 0.6 வாட் என்று பிரித்துக்கொள்ளும். நின்றால் விளக்கும் நின்றுவிடும். பழைய ஹெட்லைட் கூட்டை எறிய வேண்டாம். பல்புக்குப் பதிலாக அதே கூட்டுக்குள் எல்.இ.டி. வைத்துக் கொடுக்கிறார்கள், கொஞ்சம் மின்சார வேலை தெரிந்த பையன் யாரும் செய்வான். வெளியே 1965, உள்ளே இந்த வருடம்.

சீட்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் தோல் சீட்டு வெடித்திருக்காவிட்டால் அதுவே வைரம். மூக்குக்குக் கீழே ஒரு போல்ட் இருக்கும், தொய்ந்த தோலை அதைக் கால் சுற்று இறுக்கி நிமிர்த்தலாம். தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள், தோல் ஊறித் தொட்டில் ஆகிவிடும். புதுத் தோல் சீட்டு வாங்குகிறவர்கள் முதல் சில வாரம் கல்லில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பதை அறிந்து வாங்கவும்.

கியர் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்டர்மி-ஆர்ச்சரின் பழைய மூன்று கியர் ஹப் 1936-இல் வந்த வகை. அதில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டு. ஒயர் தளர்ந்திருந்தால் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் சட்டென்று சுற்றிவிடும், ஆள் பாரில் விழுவார். தைவானுக்குப் போன பிறகு வந்த புது வகையில் அந்த வெற்றிடத்தை எடுத்துவிட்டார்கள். தோற்றம் ஒன்றுதான், ஆகவே இதில் புதுசையே வாங்குங்கள். பழைய ஹப் கையில் கிடைத்தால் ஒரு வேடிக்கை பாருங்கள், மேலே பொடி எழுத்தில் வருடமும் மாதமும் அடித்திருப்பார்கள். 52 8 என்று இருந்தால் 1952 ஆகஸ்ட். சைக்கிளுக்கு ஜாதகம் எழுதிக் கொடுத்த மாதிரி.

இப்போது வேஷம் போட்ட சரக்கு. பழசுக்கு மவுசு வந்ததும் இது ஒரு வியாபாரமாகிவிட்டது. ஒரு கடையில் புது ஃப்ரேமுக்கு மேல் உப்புத் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, பித்தளைத் தகட்டில் இங்கிலாந்து என்று அடித்து ஒட்டி, இரண்டாம் உலகப் போர் காலத்துச் சைக்கிள் என்று விலை சொன்னார்கள். தகட்டை நகத்தால் தள்ளினேன், கையோடு வந்தது. பழைய சைக்கிளில் முத்திரைத் தகட்டை ரிவிட் அடித்திருப்பார்கள். ஹோட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்துகிறவர் எதையும் வாங்கட்டும். ஓட்டப்போகிறவர் வாங்கக் கூடாது.

பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். அந்தப் பச்சை மேல் போகும் மெல்லிய தங்கக் கோடுகளை ஒரு காலத்தில் ஆட்கள் தூரிகையால் கையாலேயே இழுத்தார்கள். மேலே புதுப் பெயிண்ட் போனால் அது போனதுதான். அப்பாவின் உள்ளங்கை பட்டுத் தேய்ந்த இடமும் அதோடு போகும். ஹேண்டில்பார், ரிம்மில் இருக்கும் துருவை, சமையலறை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பெருமளவு போகும். ஃப்ரேமை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்ததும் மெழுகு பூசினால் போதும்.

சாமானைவிட எனக்குக் கவலை வேறு இடத்தில். அட்லஸின் சாஹிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று மூடப்பட்டது. அன்றைக்கு உலகச் சைக்கிள் தினம் என்பது இன்னொரு கொடுமை. ஆனாலும் சாமான் எங்கிருந்தாவது வந்துவிடும். 40 கம்பிச் சக்கரத்தைக் கோத்துப் பெண்டு எடுக்கத் தெரிந்த ஆள்தான் குறைகிறார். புதூரிலும் ஒத்தக்கடையிலும் நான் அறிந்த ஆறு ஏழு மெக்கானிக்குகளில் இன்னும் சுத்தியலைப் பிடிப்பவர் ஒருவர்தான். அவருக்கு வயது எழுபதைத் தாண்டியாகிவிட்டது. மரையைக் கையால் தடவியே 24-ஆ 26-ஆ என்று சொல்வார். அவருடைய மகன் மொபைல் கடை வைத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு பஞ்சர் ஒட்டி யார் குடும்பம் நடத்த முடியும்?

நான் போய்ப் பேசியிருக்கிறேன். மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை பழைய சைக்கிள் மட்டும் பார்க்கச் சம்மதித்திருக்கிறார், வீட்டு வாசல் வேப்பமரத்தடியில். கூலியில் பேரம் பேச வேண்டாம். அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளுக்குத் திட்டு விழும், ஆனால் கற்றுக்கொடுப்பார். வர விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், இடம் சொல்கிறேன். வரும்போது துளை எண்ணிக்கை, டயர் எண், ஃப்ரேம் 22-ஆ 24-ஆ என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் பழைய கோட்டர் பின், 40 துளை ஹப், வால்டியூப் டப்பா ஏதாவது கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள், அவரிடம் கையிருப்பு தீர்ந்துகொண்டு வருகிறது.